கவுனுக்குள் கவுன்

“அந்தத் திருப்பிக் குடுக்குற கேஸு வந்தாச்சாக்கா?” என்று குழந்தைகள் நலக் குழு ஆபீஸுக்குள் ஒரு பெண் கேட்டாள். “வந்தாச்சு, பிள்ளைய வெளிய உக்கார வச்சிருக்காங்க” என்றாள் இன்னொருத்தி, வாயில் எதையோ மென்றுகொண்டு. அவ்வளவுதான். பிறகு ஸ்டேப்ளர் அடிக்கும் சத்தம், மின்விசிறிச் சத்தம். பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் அந்தப் பிள்ளையைத் தேடவும் செய்தேன், எனக்கு அது பழக்கம், பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் கல்யாண வீட்டிலும் நான் பேசாமல் உட்கார்ந்து ஆட்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வராந்தாவின் அந்தக் கோடியில் சங்கிலி போட்ட டம்ளரோடு ஒரு தண்ணீர் டிரம். அதற்குப் பக்கத்தில் கால் உடைந்த நாற்காலி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. சுவரில் குழந்தைகளின் உரிமைகளை ஒன்று இரண்டு மூன்று என்று பெயிண்டில் எழுதியிருந்தார்கள், ஏழாவதின் மேல் நோட்டீஸ் பலகையை அடித்திருந்தார்கள். பெஞ்சுகள் நான்கு. மூன்று காலி. நான்காவதில் நான் இருந்தேன், எனக்குப் பக்கத்தில் தவமணி இருந்தாள், காலை ஆட்டாமல், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. வேறு பிள்ளை யாரும் இல்லை. வெளியே போயிருக்கும், பாத்ரூமுக்குப் போயிருக்கும், அந்தக் குடும்பம் டீ குடிக்கப் போயிருக்கும் என்று வாசல் வேப்பமரம் வரைக்கும் பார்த்தேன். மரத்தடியில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அதன் சீட்டில் காக்கை எச்சம். நான் திரும்ப பெஞ்சுக்கு வந்தேன், கண்ணால்தான், எழுந்திருக்கவில்லை. தவமணி என்னைப் பார்த்து, “இங்கயும் வரிசையாக்கா?” என்றாள்.

இல்லை, ஒரு கையெழுத்துதான் என்றுதான் அம்மா சொன்னாள். நேற்று ராத்திரி அரிசி களைந்துகொண்டே சொன்னாள், “நாளைக்கு ஒரு கையெழுத்துக்கு எல்லாரும் வரணுமாம், நீயும் வா பூரணி, பிள்ளை உன்கூடத்தான் சும்மா உக்காரும்.” நான் சரி என்றேன். எனக்குத் தெரிந்த கையெழுத்து வேறு. கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தால் தவமணி சட்டப்படி எங்கள் வீட்டுப் பிள்ளை, அதுவரை எங்கள் பராமரிப்பில் இருக்கிற பிள்ளை, இதை ஜெபசெல்வி மேடம் முதல் நாளே எங்கள் முன்னறையில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருந்தார், அவர்தான் எங்கள் வீட்டை வந்து பார்த்து அறிக்கை எழுதிய சமூகப் பணியாளர். ஆகவே உத்தரவு வந்துவிட்டது என்று நினைத்தேன். காலையில் அம்மா கேசரி கிண்டினாள். அப்பா பஸ் ஸ்டாண்டில் தவமணிக்கு ஊதுபலூன் வாங்கிக் கொடுத்தார், அவர் தன் ஆயுசில் எனக்கு வாங்கித் தந்ததில்லை. நல்ல நாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் அப்பா மடியில் அந்த நீலப் பை இருந்தது. பொங்கல் முடிந்த வாரம் தவமணி அதைத்தான் தோளில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள், அம்மா அதைத் துவைத்துக் காயவைத்துப் பரணில் போட்டாள். பரணில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியும் இருக்கிறது. காரண்டி முடிகிறவரை பெட்டியைத் தூக்கிப் போடக்கூடாது, திருப்பிக் கொடுக்கிறதென்றால் பெட்டியோடு கேட்பான் என்பாள் அம்மா. நான் அந்தப் பையைப் பார்த்தேன். பார்த்து, காகிதம் வைக்க எடுத்து வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அது புடைத்துக்கொண்டிருந்தது. காகிதம் அப்படிப் புடைக்காது. எனக்கு அது தெரியும், எனக்குத் தெரியாதா, மூன்று வருஷம் விலங்கியல் படித்தவள், ஒரு தவளையின் வயிறு புடைத்திருந்தால் உள்ளே என்ன என்று கேட்டுப் பழகியவள், ஒன்றரை மணி நேரம் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. குளத்துப் பறவைகளைக் குறிப்பெடுக்கக் கூட்டிப் போனபோது எங்கள் பேராசிரியை அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கொக்கு சோகமாக நின்றது என்று ஒருத்தி எழுதினாள், அவள் நோட்டைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார், கொக்கு உங்கிட்ட வந்து சொல்லிச்சாம்மா என்று. எல்லோரும் சிரித்தோம். என்னுடைய நோட்டைக் காட்டி இப்படி எழுதணும் என்றார், எனக்கு இரண்டு நாள் காது சூடாகவே இருந்தது. அதனால் பிப்ரவரியில் அம்மா, “நீ நல்லா எழுதுவ, பிள்ளை என்னென்ன செய்யுதுன்னு தேதி போட்டு எழுதி வையி, கவுன்சிலிங் மேடம் கேட்டாங்க” என்று எண்பது பக்க நோட்டு ஒன்றைத் தந்தபோது, நான் அப்படித்தான் எழுதினேன். பிப்ரவரி 3, காலை 7.10. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரை வாசலில் நின்றாள். முன்னால் யாரும் இல்லை. ஓர் ஆள் நிற்கும் இடம் விட்டு நின்றாள். பிப்ரவரி 11. பாயில் ஈரம். தானே அலசிக் கொடியில் போட்டிருந்தாள். மார்ச் 9. ஜியாமெட்ரி பெட்டிக்குள் பாதித் தோசை, இரண்டு நாள் பழையது. போன வாரம் அந்த நோட்டில் மஞ்சள் சீட்டுகள் முளைத்திருந்தன, சின்னச் சின்னதாக, ஒட்டுகிற சீட்டு, அப்பா கடையில் பில் புத்தகத்தில் ஒட்டுகிற அதே சீட்டு. டாக்டருக்குக் காட்ட என்று அம்மா சொன்னாள். எந்தப் பக்கத்தில் சீட்டு, எந்தப் பக்கத்தில் இல்லை என்று நான் பார்த்தேன். பாய் நனைந்த பக்கங்களில் இருந்தது, தோசைப் பக்கத்தில் இருந்தது. பவளமல்லிப் பூவை மண்ணிலிருந்து பொறுக்கி ஒவ்வொன்றாக என் செருப்பு மேல் அடுக்கியிருந்தாள் என்று எழுதிய பக்கத்தில் இல்லை. தலை பின்னுவதற்கு என்னிடம் வந்து, கேட்காமல், முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீப்பைத் தோளுக்கு மேல் நீட்டினாள் என்று எழுதிய பக்கத்தில் இல்லை. பார்த்தேன், ஆனால் நினைக்கவில்லை. அந்த நோட்டு இப்போது அம்மாவும் அப்பாவும் போயிருக்கிற அந்த அறைக்குள் இருக்கிறது. அம்மா அதைக் கைப்பையில் வைத்ததை வீட்டிலேயே பார்த்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், அடித்தல் திருத்தல் இருக்காது, யார் படித்தாலும் நம்புவார்கள்.

மார்ச் 21 என்ற பக்கத்தில் இரண்டு சீட்டு. கீரை விற்கிறவளை அம்மா என்றாள். எதிர்வீட்டு டீச்சரை அம்மா என்றாள். கரண்ட் கணக்கெடுக்க வந்த பெண்ணை அம்மா என்றாள். அம்மாவை அம்மா என்றாள். குரலில் வித்தியாசம் இல்லை. ஏன் அந்தக் கடைசி வரியை எழுதினேன், யார் என்னைக் கேட்டது. அம்மா அதைப் படித்த அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள், வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது, வெளியே வந்து, “தண்ணி வந்துச்சா, பிடிச்சு வச்சேன்” என்றாள், கண் இமை தடித்திருந்தது. எனக்குப் பிறகு அவளுக்குக் கரு நிற்கவில்லை, மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் அவள் பெயர் யோசித்து வைத்திருந்தது எனக்குப் பத்து வயசிலேயே தெரியும், ரேஷன் அட்டை உறையின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தாள். அவள் கெட்டவள் இல்லை. முதல் நாள் தவமணி அவளை மேடம் என்றாள், அம்மா சிரித்து, “நான் மேடமாம்ல, கேட்டீயளா” என்று அப்பாவிடம் சொன்னாள், ஒரு வாரம் போகட்டும் அம்மான்னு கூப்பிடும் பாருங்க என்றாள். ஒரு வாரத்தில் கூப்பிடவும் செய்தாள். தவமணி முன்பு இருந்த குழந்தைகள் இல்லத்தில் சமைக்கிறவரை அம்மா என்பார்கள், துவைக்கிறவரை அம்மா என்பார்கள், ராத்திரி டியூட்டி பார்க்கிறவரை அம்மா என்பார்கள், அவர் போய் வேறொருவர் வந்தால் அவரும் அம்மா. என்னிடம் அவளே சொன்னாள், “காலையில ரெண்டு அம்மா, சாயந்திரம் ஒரு அம்மா, ஞாயித்துக்கெழம பாதி அம்மா லீவு.” அதை ஏப்ரல் 2 என்று தேதி போட்டு எழுதினேன். அந்தப் பக்கத்தில் சீட்டு இல்லை. எழுதியதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டி, அம்மா, இது அவளுக்கு ஒரு வேலையோட பேரும்மா, உன்னைப் பிடிக்காம இல்லை, என்று சொல்ல எனக்கு எத்தனை அடி நடக்க வேண்டியிருந்தது. முன்னறையிலிருந்து அடுப்பங்கரைக்கு எட்டு அடி. அந்த எட்டு அடியை நான் நடக்கவில்லை. சித்தி வந்து, “என்னதான் சீனி போட்டாலும் வேப்பெண்ணெய் வேப்பெண்ணெய்தாங்க்கா” என்று சொன்ன அன்றைக்கும் நான் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்லப்போனால் எனக்கே தெரியாது, நான் அவள் மேல் பிரியமாக இருந்தேனா, அல்லது பார்க்க ஒன்று கிடைத்தது என்று இருந்தேனா. ஜெபசெல்வி மேடம் முதலில் வீட்டைப் பார்க்க வந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்குச் சம்மதமாம்மா என்றார். நான் தலையை ஆட்டினேன். வாயால சொல்லுங்க, எழுதணும் என்றார். நான் மறுபடியும் தலையை ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

“அக்கா, வேர்க்குது” என்றாள் தவமணி. சித்திரை வெயில், வராந்தாவில் ஒரே மின்விசிறி, அதுவும் எங்கள் தலைக்கு மேல் இல்லை. அவள் கழுத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. பலூன் அவள் காலடியில் கிடந்தது, அதை அவள் ஊதவே இல்லை. கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனேன், கழுத்தடியில், மேல் பித்தானுக்குப் பக்கத்தில், பச்சைக் கவுனுடைய கழுத்துக்குள் ரோஜா நிறத்தில் ஒரு விளிம்பு தெரிந்தது. ரோஜா நிறக் கவுன் சித்திரை வருஷப் பிறப்புக்கு அம்மா எடுத்தது. அதைக் கொஞ்சம் விலக்கினேன். அதற்குள்ளே ஊதாப் பூ போட்ட இன்னொன்று, நான் என் பழைய பாவாடையில் தைத்தது, ஒரு கை மற்றக் கையைவிட நீளம். மூன்று. காலையில் பஸ்ஸில் ஏறும்போது அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன், பிள்ளைக்குச் சதை பிடித்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன், இன்றைக்கு நோட்டில் எழுதவேண்டும் என்றுகூட நினைத்தேன். என் கை அவள் கழுத்திலேயே நின்றுவிட்டது. எதற்கு மூன்று என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதில்லை, எனக்கு அது தெரியும், பிப்ரவரி 26-ஆம் தேதிப் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கைக்குழந்தையாக இருந்த இடத்திலிருந்து நாலு வயசில் அவளைப் பெரிய இல்லத்துக்கு மாற்றினார்களாம், பெட்டி நிறைய உடுப்பு இருந்ததாம், அதை எல்லாருக்கும் பொது என்று வைத்துக்கொண்டார்களாம். “போகயில போட்டிருக்கதுதான்க்கா நம்மளுது. பெட்டியில இருக்கது இல்லத்துது” என்றாள், ஏதோ வாய்ப்பாடு சொல்கிற மாதிரி. எழுதினேன். சொன்னது அப்படியே, மேற்கோள் குறி போட்டு. “உனக்கு யார் சொன்னா?” என்று இப்போது கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது. “யாரும் சொல்லல” என்றாள். “கேசரி செஞ்சாங்கல்லா. அங்கயும் போற அன்னைக்கு இனிப்பு குடுத்தாங்க.” பிறகு, நான் கழற்றச் சொல்லிவிடுவேன் என்று பயந்ததுபோல மேல் பித்தானைக் கையால் மூடிக்கொண்டாள். “வேர்த்தா பரவால்லக்கா. நான் பழகிக்கிடுவேன்.” அவள் அழவில்லை. நான் அதையும் பார்த்தேன். எப்போதிலிருந்து தெரிந்திருக்கிறது, அப்பா பலூன் வாங்கியபோதா, அதற்கு முன்பு, குளித்துவிட்டுத் தனியாக உடுத்திக்கொள்கிறேன் என்று கதவைச் சாத்தினாளே, அப்போதேயா. எங்கள் வீட்டில் நான்கு பேர், மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது. எழுதிக்கொண்டே இருந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

“உங்களையும் அம்மா உள்ள வரச் சொல்லுதாங்க, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் மென்றுகொண்டிருந்த பெண், இந்தக் கட்டிடத்தில் தலைவர்தான் அம்மா. நான் எழுந்தேன். உள்ளே நீளமான மேஜை, அதற்கு அந்தப்பக்கம் குழுவின் மூன்று பேர், நடுவில் நரைத்த கொண்டையோடு தலைவர், ஓரத்தில் ஜெபசெல்வி மேடம், முகத்தைத் தூக்காமல். அம்மா நாற்காலியின் நுனியில் இருந்தாள். “எங்களால ஆவலம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள், “நாலு மாசமா உயிரக் குடுத்துப் பாத்தாச்சும்மா, அது ஒட்டவே மாட்டேங்குதும்மா.” அவள் அந்த அம்மாவை எத்தனை தடவை அம்மா என்று கூப்பிட்டாள் என்று எண்ணினேன், எண்ணுவதை நிறுத்த முடியவில்லை. அப்பா பையை மடியில் வைத்து அதன் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். “நீங்க என்ன சொல்லுதீங்க சார்?” என்று ஒருவர் கேட்டார். “வீட்ல சொல்றதுதான்” என்றார் அப்பா. மேஜையில் நோட்டு விரிந்திருந்தது, மார்ச் 21. தலைவர் என்னை உட்காரச் சொல்லவில்லை, மறந்திருக்கலாம். “இது நீங்க எழுதினதாம்மா? ரொம்பச் சுத்தமா எழுதியிருக்கீங்க” என்றார். தலையை ஆட்டினேன். “குரலில் வித்தியாசம் இல்லைன்னு போட்டிருக்கீங்க. அப்படின்னா என்ன அர்த்தத்துல?” வாயைத் திறந்தேன். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டியிருந்தது, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்க நிற்கும்போது ஒட்டுமே, அதே இடம். பார்த்ததை எழுது. வெளியே அவள் மூன்று கவுனுக்குள் வேர்த்துக்கொண்டிருக்கிறாள். இவர்கள் ஒரு கையெழுத்து போட்டால் அவள் அந்த மூன்றோடு போவாள், பைக்குள் இருப்பதெல்லாம் இல்லத்துக்கு. கரகரவென்று மின்விசிறி. “சொல்லுங்கம்மா, வீட்ல பெரிய பிள்ளை நீங்க” என்றார் தலைவர். “அது பேசாதும்மா, சின்னதுலேருந்தே அப்படித்தான்” என்றாள் அம்மா, எனக்கு உதவுகிறவள்போல. “பேச வேண்டாம், ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னா அடியில ஒரு கையெழுத்து போட்டிருங்க, நீங்க எழுதினதுன்னு” என்று பேனாவை நீட்டினார் ஜெபசெல்வி மேடத்துக்குப் பக்கத்தில் இருந்தவர்.

பேனாவை வாங்கினேன். நோட்டை என் பக்கம் திருப்பினேன். மார்ச் 21-இன் அடியில் கையெழுத்து போடாமல் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், எழுதாத பக்கம் வந்ததும் நின்றபடியே குனிந்து தேதி போட்டேன். மே 6, பகல் 11.40. மூன்று கவுன் போட்டிருக்கிறாள். பச்சை, அதற்குள் ரோஸ், அதற்குள் ஊதா. போட்டிருப்பது மட்டும்தான் தன்னுடையது என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள், பிப்ரவரி 26 பக்கம் பார்க்க. நாம் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பலூனை ஊதவில்லை. அவளுக்கு அம்மா என்பது வேலையின் பெயர், ஏப்ரல் 2 பக்கம் பார்க்க, வேறு அம்மாவை அவள் பார்த்ததில்லை. இதுவரை எழுதியது எல்லாம் பார்த்தது. இது நினைத்தது: அவளைத் திருப்பிக் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. அதன் அடியில் பூரணி என்று கையெழுத்துப் போட்டேன், ணி சரியாக வரவில்லை. நோட்டைத் தலைவர் பக்கம் நகர்த்தினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். பிப்ரவரி 26-ஐத் தேடி எடுத்து வாசித்தார். ஏப்ரல் 2-ஐ வாசித்தார். அப்பா வாரைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தார். தலைவர் நோட்டைத் திருப்பி அம்மாவுக்கு முன்னால் வைத்தார். அம்மா விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள், அவளுக்கு என் எழுத்து தெரியும், இருந்தும் மெதுவாகத்தான் படித்தாள், ஒரு வரியில் விரல் நின்றது, எந்த வரி என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அவள் எழுந்தாள். நாற்காலி தரையில் இழுபட்டது. “எங்கம்மா போறீங்க?” என்று ஒருவர் கேட்டார். அவள் வராந்தாவுக்குப் போனாள், நான் கதவுவரை போனேன். தவமணி அவளைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து இறங்கி நேராக நின்று, பித்தானை மறுபடியும் கையால் மூடினாள். அம்மா சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, பச்சைக் கவுனின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதைத் தலைவழியாக எடுத்துத் தன் தோளில் போட்டாள். பிறகு, “வீட்டுக்குப் போக ஒண்ணு போதும்” என்று ரோஸ் கவுனின் முதல் பித்தானைக் கழற்றினாள்.